மீன் வளர்ப்புப் படிப்பில் முதலில் ஏன் தண்ணீரைப் படிக்கிறார்கள்?

பொழுது விடிவதற்குச் சற்று முன், மீன்கள் நெருக்கமாக விடப்பட்ட ஒரு வளர்ப்புக் குளத்தின் கரையில் போய் நின்றால், சில நாட்களில் ஒரு காட்சி கண்ணில் படும். நூற்றுக்கணக்கான மீன்கள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு மீன்கள் பசியில் தீவனம் கேட்பது போலத் தோன்றும். பண்ணையில் பழகியவருக்கோ அடிவயிறு கலங்கும். அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. அந்த நேரத்தில் தீவனம் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். காற்றூட்டியை ஓடவிட வேண்டும், அல்லது புது நீர் பாய்ச்ச வேண்டும். அதுவும் உடனே.

நீர்வாழ் உயிரின வளர்ப்பை இளநிலைப் பட்டமாகப் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். மீனைப் பற்றிப் படிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறவர்களுக்கு, முதல் இரண்டு பருவங்களில் பெரும்பாலும் தண்ணீர்தான் காத்திருக்கும். சிலருக்கு அது ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆனால் இந்தப் படிப்பின் எல்லாப் பாடங்களும் அந்தக் குளத்து நீரிலிருந்தே கிளம்புகின்றன. அது பிடிபட்டுவிட்டால் பாடத்திட்டம் தனித்தனித் துண்டுகளாகத் தெரியாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடலிலும் ஆற்றிலும் தானாக வளர்ந்ததைப் பிடிப்பது மீன்பிடிப்பு. மீன், இறால், நண்டு, சிப்பி, கடற்பாசி என்று நீரில் வாழும் எதையும் மனிதர் பொறுப்பேற்று, குஞ்சிலிருந்தோ விதையிலிருந்தோ வளர்த்து அறுவடை செய்வது நீர்வாழ் உயிரின வளர்ப்பு. வேட்டைக்கும் வேளாண்மைக்கும் உள்ள வேறுபாடு அது. மீன்வளப் பட்டம் என்ற பெயரில் நடக்கும் படிப்புகளில் இரண்டுமே இருக்கும், மீன் பதப்படுத்துதலும் சேர்ந்திருக்கும். கடல் உயிரியல் வேறு படிப்பு. அது இயற்கையில் உயிர்கள் எப்படி வாழ்கின்றன என்று கேட்கும்; வளர்ப்புப் படிப்பு, அவற்றை நம் பராமரிப்பில் எப்படி வாழவைப்பது என்று கேட்கும். விண்ணப்பிக்கும் முன் இந்த வேறுபாட்டைப் பார்த்துவிடுவது நல்லது. பவளப்பாறைகளில் மூழ்கி ஆராய வேண்டும் என்ற கனவோடு வந்து, மூன்றாம் மாதத்தில் அம்மோனியா அளந்துகொண்டிருக்கும்போது மனம் சோர்ந்துபோகும் மாணவர்கள் உண்டு.

இந்தத் துறை இன்று எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு கணக்குப் போதும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் வளர்ப்பின் மூலம் கிடைத்த நீர்வாழ் விலங்குகள் 9.44 கோடி டன். அந்த ஆண்டு உலகில் கிடைத்த மொத்த நீர்வாழ் விலங்குகளில் அது 51 சதவீதம். பிடித்ததைவிட வளர்த்தது அதிகம் என்ற நிலை வரலாற்றில் அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

சரி, குளத்துக்குத் திரும்புவோம்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் நன்னீரோ, காற்றோடு சமநிலையில் இருக்கும்போது, ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். காற்றில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. நாம் மூச்சு விடுவதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. மீனுக்கு மூச்சே ஒரு பெரும் உழைப்பு. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, 20 டிகிரியில் 9 மில்லிகிராம் அளவுக்குக் கரையும். அதே சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்கி, அதிக ஆக்சிஜனைக் கேட்கிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. வெயில் காலத்தில் பண்ணைக்காரர்கள் தூங்காமல் இருப்பது இதனால்தான்.

குளத்துக்கு ஆக்சிஜன் தருவது யார்? காற்றிலிருந்து கொஞ்சம் கரைகிறது. பெரும்பங்கைத் தருபவை நீருக்குப் பச்சை நிறம் கொடுக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை விடுகின்றன. மாலை மூன்று, நான்கு மணிக்கு நீரில் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும். பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடுகிறது, ஆனால் மூச்சு நிற்பதில்லை. மீன், பாசி, அடிச்சேற்றில் இருக்கும் பாக்டீரியா என எல்லாம் இரவு முழுக்க அந்த இருப்பையே செலவழிக்கின்றன. விடியும் முன் கையிருப்பு மிகக் குறைந்திருக்கும். பெரும்பாலான வெப்பநீர் மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சுகம். 3-க்குக் கீழே போனால் தவிப்பு தொடங்கும். முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்திருந்தால், அல்லது பாசி திடீரென்று மொத்தமாக மடிந்து அழுகியிருந்தால், விடியலில் அந்தத் தவிப்பு வர வாய்ப்பு அதிகம்.

இந்த ஒரு சுழற்சியைப் புரிந்துகொள்ள எத்தனை பாடங்கள் வேண்டியிருக்கின்றன பாருங்கள். ஆக்சிஜன் கரைவதற்கு இயற்பியலும் வேதியியலும், பாசிக்குத் தாவரவியல், சேற்றுக்கு நுண்ணுயிரியல், செவுளுக்கு உடலியங்கியல். முதலாண்டில் தொடர்பில்லாமல் வந்து நிற்பது போலத் தோன்றும் பாடங்கள் எல்லாம் அந்த விடியற்காலைக் குளத்தில் ஒன்றாகச் சேர்கின்றன.

ஆய்வகத்தில் ஆக்சிஜன் அளக்க விங்க்லர் முறை என்று ஒன்றைச் சொல்லித் தருவார்கள். 1888-இல் வந்த முறை. மாதிரி எடுத்த இடத்திலேயே இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் குப்பிக்குள் பழுப்பு நிறத்தில் பஞ்சு போலப் படிவு திரளும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். இப்போது கையடக்க மின்னணு மீட்டர் இருக்கும்போது எதற்கு இந்தப் பழைய முறை என்று மாணவர்கள் முணுமுணுப்பார்கள். என்னைக் கேட்டால், ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வாயு குப்பிக்குள் நிறமாகத் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு, அப்புறம் மீட்டரில் வரும் எண் வெறும் எண்ணாக இருக்காது. மீட்டர் தப்பாகக் காட்டும்போது சந்தேகப்படவும் தெரியும்.

விடியலில் ஆக்சிஜன் ஆபத்து என்றால், பிற்பகலில் வேறொரு ஆபத்து. இது இந்தப் படிப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம்.

மீன் தின்ற புரதத்தின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே நேராக நீருக்குள் வெளியேறுகிறது. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி, அதனால் தீங்கு குறைவு. மற்றொன்று அயனியாகாத அம்மோனியா, அதுதான் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக நீரின் பி.எச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; எண் கூடினால் அமிலத்தன்மை குறைவு. 25 டிகிரி நன்னீரில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பி.எச். 8 ஆனால் ஏறத்தாழ 5 சதவீதம். பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

பிற்பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கைக்காக நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால், நீரின் அமிலத்தன்மை குறைந்து பி.எச். ஏறுகிறது. பாசி அடர்ந்த குளத்தில் காலையில் 7.5 இருந்தது மாலையில் 9-ஐத் தொடலாம். அம்மோனியாவின் மொத்த அளவு மாறவே இல்லை. ஆனால் காலையில் ஆபத்தில்லாதது மாலையில் நஞ்சாகிவிடுகிறது. காலையில் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று போனவருக்கு, மாலையில் மீன் ஏன் சுணங்கிக் கிடக்கிறது என்று புரியாது. அதனால்தான் எந்த அளவீட்டுப் பதிவேட்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தை எழுதச் சொல்கிறார்கள். நேரம் எழுதாத எண்ணுக்கு இங்கே மதிப்பில்லை.

அந்த அம்மோனியாவை பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இடையில் வரும் நைட்ரைட் தேங்கிவிட்டால் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். அதற்கு உப்பு ஒரு மருந்து. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. நீரைச் சுத்திகரித்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் மறுசுழற்சித் தொட்டிகளின் அடிப்படையும் இந்தப் பாக்டீரியாக்கள்தான். அங்கே மீன் வளர்ப்பவர் உண்மையில் முதலில் பாக்டீரியா வளர்க்கிறார்.

இனி தீவனம். வளர்ப்புச் செலவில் பல பண்ணைகளில் பாதி, சில இடங்களில் அதற்கும் மேல், தீவனத்துக்கே போகிறது. இங்கே கணிதம் உள்ளே வருகிறது, பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. 10,000 குஞ்சுகளை விட்டீர்கள், 90 சதவீதம் பிழைத்திருக்கும் என்று நம்புகிறீர்கள். வலை வீசி ஒரு நூறு மீன்களை எடுத்து எடை பார்த்ததில் சராசரி 200 கிராம். அப்படியென்றால் குளத்தில் 9,000 மீன்கள், மொத்தம் 1,800 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம் தீவனம் என்று வைத்தால் நாளுக்கு 36 கிலோ. தீவனத்தில் 30 சதவீதம் புரதம் இருந்தால் அது 10.8 கிலோ புரதம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது ஏறத்தாழ 1.7 கிலோ. அதில் மீன் தன் உடலில் சேர்த்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும். மிச்சம், ஒரு கிலோவுக்கும் மேல், தினமும் நீருக்குள் போகிறது.

இப்போது பிழைத்தவை உண்மையில் 60 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்த மீன்கள் எல்லாம் மேலே மிதப்பதில்லை, பல அடியிலேயே கிடந்து மறைந்துவிடும், சிலவற்றைப் பறவைகள் கொண்டுபோய்விடும். 6,000 மீன்களுக்குத் தேவை 24 கிலோ. நீங்கள் போடுவது 36 கிலோ. 12 கிலோ தீவனம் தினமும் சேற்றில் விழுந்து அழுகி, ஆக்சிஜனைத் தின்று, அம்மோனியாவைக் கூட்டுகிறது. பணமும் போகிறது, குளமும் கெடுகிறது. மாதிரி எடுக்கும் புள்ளியியல் பாடத்தைச் சலிப்போடு கேட்ட மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அப்படிக் கேட்பதில்லை.

ஒரு கிலோ மீன் எடை கூட எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பதைத் தீவன மாற்று விகிதம் என்பார்கள். பண்ணைகளில் எஃப்.சி.ஆர். என்றுதான் பேச்சு. நன்றாகப் பராமரிக்கப்பட்ட சால்மன் பண்ணையில் அது 1.2-ஐ ஒட்டி இருக்கும். மாட்டுக்கு 6-க்கும் மேல். மீனுக்கு உடம்பைச் சூடாக வைத்திருக்கும் செலவு இல்லை, நீரே தாங்கிக்கொள்வதால் எடையைச் சுமந்து நிற்கும் செலவும் இல்லை. ஆனால் இந்த விகிதத்தை அப்படியே நம்பிப் பெருமைப்படவும் கூடாது. உலர்ந்த தீவனத்தையும் ஈரமான மீனையும் ஒப்பிடும் கணக்கு இது. அந்தத் தீவனத்துக்காகக் கடலில் பிடித்த சிறு மீன்கள் எவ்வளவு என்ற கேள்வியும் பின்னால் நிற்கிறது. மீன்தூளுக்குப் பதில் சோயா போன்ற தாவரப் புரதத்தை எவ்வளவு சேர்க்கலாம், அதில் குறையும் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தை எப்படி ஈடுகட்டலாம் என்பதெல்லாம் இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடங்கள்.

அடுத்தது இனப்பெருக்கம், மாணவர்கள் ஆசையோடு காத்திருக்கும் பகுதி. பல மீன்கள் தேங்கிய குளத்தில் நன்றாக வளரும், ஆனால் முட்டையிடாது. ஆற்று வெள்ளம் போன்ற தூண்டுதல் இல்லாததால் அவற்றின் ஹார்மோன் சுரப்பு கடைசிப் படியில் நின்றுவிடுகிறது. வேறொரு மீனின் மூளைக்கு அடியிலிருந்து எடுத்த பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தினால் அந்தத் தடை நீங்கும் என்று 1930-களில் தென் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். இந்தியக் கெண்டை இனங்களில் அதை 1957 ஜூலை 10 அன்று செய்துகாட்டியவர் இந்திய மீன்வள விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி. அதற்கு முன் ஆற்றில் வெள்ளக் காலத்தில் முட்டையையும் குஞ்சையும் சேகரித்து வந்தால்தான் வளர்ப்பே. இன்று சுரப்பியை அரைக்க வேண்டியதில்லை, தயாரித்த ஹார்மோன் மருந்தே கிடைக்கிறது. ஆனாலும் சினை மீனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, முட்டை பக்குவமா என்று சொல்லும் விரல்நுனி அறிவு புத்தகத்தில் கிடைக்காது.

முட்டை பொரிந்த பிறகுதான் உண்மையான சோதனை. இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். நாப்ளியஸ் என்ற முதல் நிலையில் அது தன் மஞ்சள்கருவையே உண்டு வாழும். அடுத்து ஸோயியா நிலை, அதற்கு நுண்பாசி வேண்டும். பிறகு மைசிஸ் நிலை, அதற்கு அசையும் இரை வேண்டும். அந்த இரைக்கு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் நுண்ணிறால். அதன் உலர்ந்த முட்டைகளை டப்பாவில் வாங்கி வைத்துக்கொண்டு, உப்பு நீரில் போட்டால் ஒரு நாளில் பொரியும். ஒவ்வொரு நிலைக்கும் சரியான உணவு சரியான மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். பாசி வளர்ப்பு ஒரு நாள் தவறினால் ஒரு தொட்டி முழுக்கப் போய்விடும். பொரிப்பகப் பயிற்சிக்குப் போன மாணவர்கள் இரவில் அலாரம் வைத்து எழுந்து தொட்டியைப் பார்ப்பது இதற்காகத்தான்.

மரபியலும் இங்கேதான் சேர்கிறது. நார்வேயில் 1970-களில் சால்மனிலும், பிலிப்பைன்ஸில் 1988 முதல் திலாப்பியாவிலும் நல்ல குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து இனம்பெருக்கி, தலைமுறைக்குத் தலைமுறை வளர்ச்சியைக் கூட்டினார்கள். ஒரே தாய் ஆயிரக்கணக்கில், பல இனங்களில் லட்சக்கணக்கில் முட்டையிடுவதால் தேர்வுக்கு வசதி. அதே வசதிதான் ஆபத்தும். நாலைந்து தாய் மீன்களை வைத்தே பொரிப்பகம் ஓடிவிடலாம் என்பதால், நெருங்கிய உறவுக் கலப்பு அறியாமலே புகுந்து, சில தலைமுறைகளில் குஞ்சுகள் நலிந்துபோகும்.

நோயைப் பற்றிப் படிக்கும்போது ஒரு படத்தை வரையச் சொல்வார்கள். மூன்று வட்டங்கள்: வளர்க்கும் உயிரி, நோய்க்கிருமி, சூழல். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் நோய். கிருமி எப்போதும் நீரில் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆக்சிஜன் குறைந்து, அம்மோனியா ஏறி, மீன் தளர்ந்தபோது அது வேலையைக் காட்டும். மறுபடியும் தண்ணீருக்கே வந்துவிட்டோம். இதற்கு விதிவிலக்கும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஆசியாவில் கிளம்பிய இறால் வெண்புள்ளி வைரஸ், நன்றாக இருந்த குளங்களையும் சில நாட்களில் காலி செய்தது. இறாலுக்கு நம்மைப் போல எதிர்ப்பொருளை உருவாக்கும் நோயெதிர்ப்பு முறை இல்லை, ஆகவே நமக்குப் போடுவது போன்ற தடுப்பூசி அதற்குப் பயன்படாது. நோயற்ற குஞ்சு, வடிகட்டிய நீர், கால் கழுவிவிட்டு உள்ளே வரும் ஒழுங்கு, இவைதான் காப்பு. கண்டபடி நுண்ணுயிர்க்கொல்லி போடுவதைத் தயவுசெய்து தீர்வென்று கற்றுக்கொள்ளாதீர்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்து, நீர் வழியே மற்றவர்களுக்கும் அனுப்பும் வேலை அது.

படிப்பு பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். முன்பகுதியில் அடிப்படை அறிவியல், நடுவில் நீர்த்தரம், தீவனம், இனப்பெருக்கம், நோய், கடைசியில் பண்ணைப் பொறியியல், பொருளாதாரம், களப்பயிற்சி. முடித்தவர்கள் பண்ணை மேலாண்மை, பொரிப்பகம், தீவன ஆலை, நோயறியும் ஆய்வகம், அரசுத் துறை, மேற்படிப்பு என்று போகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங், அமெரிக்காவின் ஆபர்ன், பெல்ஜியத்தின் கென்ட், வியட்நாமின் கான் தோ போன்ற பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையில் பெயர் பெற்றவை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். சொந்தமாகக் குளமும் பொரிப்பகமும் இருக்கிறதா, அவை உண்மையில் இயங்குகின்றனவா என்று கேளுங்கள். மாணவர்களே ஒரு குளத்தைக் குஞ்சு விடுவதிலிருந்து அறுவடை வரை நடத்துகிறார்களா, களப்பயிற்சி எத்தனை வாரம் என்று கேளுங்கள். ஒருமுறையாவது தன் பொறுப்பில் மீன்களை வளர்த்து, சிலவற்றை இழந்து, ஏன் இழந்தோம் என்று எழுதிப் பார்க்காமல் வாங்கும் பட்டம் அரைகுறைதான். வேலை எளிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பண்ணைகள் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும், இரவுப் பணி இருக்கும், மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்தது ஒரே இரவில் போவதும் நடக்கும்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், சேர்வதற்கு முன்பே செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. மீன்தொட்டி விற்கும் கடைகளில் சொட்டு மருந்து வடிவில் பி.எச். சோதனைப் பெட்டி கிடைக்கும். பச்சை நீர் நிற்கும் ஏதாவது ஒரு குளத்தில், விடியும் முன் ஒரு முறையும் மாலை மூன்று மணிக்கு ஒரு முறையும் அளந்து, நேரத்தோடு எழுதுங்கள். மூன்று நாள் போதும், அதில் ஒரு நாள் மேகமூட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. வெயில் நாளின் எண்களுக்கும் மேகநாளின் எண்களுக்கும் ஏன் அந்த வித்தியாசம் என்று யோசிக்கும்போது நேரம் போனதே தெரியவில்லை என்றால், விண்ணப்பத்தை நிரப்புங்கள்.